தானிய வண்டுகளும் விஷவாயுவும்

புணேயிலிருந்து மும்பை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையின் ஓரத்தில், ராணுவத் தளவாடக் கிடங்குகளை அண்டி வளர்ந்த தேஹு ரோடு என்னும் ஊரில், தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. சித்திரை, வைகாசி மாதங்களில், புதுக் கோதுமையும் சோளமும் சந்தைக்கு வந்து விலை சற்றுத் தணிந்திருக்கும் காலத்தில், ஓராண்டுக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஆமணக்கெண்ணெயைக் கையில் தொட்டுப் பிசறி, டப்பாக்களில் அடைத்துவைப்பது மராட்டிய இல்லங்களின் சம்பிரதாயம். வேப்பிலையையும் நொச்சித்தழையையும் இடையிடையே பரப்புவதும், துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்துவதும் தமிழ்நாட்டின் சம்பிரதாயம். இவ்வகைக் குடியிருப்புகளில் இரண்டும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்கக்கூடியவை. இரண்டுக்கும் சத்துரு ஒன்றே.

ஊருக்குச் சில மைல் தொலைவில், இந்திராயணி நதிக்கரையில் உள்ள தேஹு கிராமம் துக்காராம் மகராஜ் பிறந்த ஸ்தலம். அவருடைய குடும்பம் கடை வைத்து வியாபாரம் செய்த குடும்பம் என்பதும், 1630ஆம் ஆண்டை ஒட்டித் தக்காணத்தை அழித்த கொடும் பஞ்சத்தில் தம் மனைவியருள் ஒருவரை அவர் பசிக்குப் பறிகொடுத்தார் என்பதும் அவருடைய சரித்திரத்தில் சொல்லப்படும் செய்திகள். பஞ்சத்தின் ஞாபகம் இவ்வளவு ஆழமாகப் பதிந்த பூமியில், விளைந்ததை அடுத்த விளைச்சல் வரை காப்பாற்றுவது உயிரைக் காப்பாற்றுவதே ஆகும். அந்தக் காரியத்தின் பெரும்பங்கு இன்று அரசாங்கத்தைச் சார்ந்துவிட்டது. 1965ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி தோன்றிய இந்திய உணவுக் கழகம், சென்னையைத் தலைமையிடமாகவும் தஞ்சாவூரை முதல் மாவட்ட அலுவலகமாகவும் கொண்டு தொடங்கிற்று. பஞ்சாபில் கொள்முதலாகும் கோதுமையும் காவிரிப் படுகையில் கொள்முதலாகும் நெல்லும் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டு, மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், கிடங்குகளில் காத்திருக்கும் ஏற்பாடு அதிலிருந்து விரிந்ததே. வீட்டு டப்பாவுக்கு எண்ணெயும் இலையும் போதும். ஆயிரக்கணக்கான டன்களுக்கு அவை போதா. அங்கே அரசாங்கம் கையாண்டது ரசாயனம். அந்த ரசாயனத்தை வண்டுகள் எவ்வாறு வென்றுவருகின்றன என்பதையும், அந்த வெற்றியில் நம்முடைய பங்கு எவ்வளவு என்பதையுமே இங்கே ஆராய விரும்புகிறோம்.

முதலில் எதிரியின் இயல்பைச் சற்று நோக்கவேண்டும். அரிசி மூக்கு வண்டு தன் நீண்ட மூக்கினால் மணியில் குழி பறித்து, அதில் ஒரு முட்டையிட்டு, பசைபோன்ற ஒரு பொருளால் வாயை மூடிவிடுகிறது. புழுவும் கூட்டுப்புழுவும் மணிக்குள்ளேயே வளர்ந்து முடிந்து, முழு வண்டாகவே வெளிவருகின்றன. தானியத் துளைப்பான் என்னும், தலையைக் கவிழ்த்துக்கொண்ட உருளை வடிவான சிறு ஜந்து, முட்டையை மணியின் வெளியில் இட்டாலும் அதன் புழு உள்ளே புகுந்து மாவையெல்லாம் தின்று உமியை மட்டும் மிச்சம் வைக்கிறது. சல்லடையில் விழும் தவிடுபோன்ற மாவு அதன் கைவேலைதான். சிவப்பு மாவு வண்டுக்கு முழுமணியைக் கடிக்க வலுவில்லை. மற்றவை உடைத்துவைத்ததையும் ஆலையில் அரைத்ததையும் உண்டு, உடலிலிருந்து வெளியிடும் குவினோன் என்னும் பொருளால் மாவுக்கு ஒரு துர்நாற்றத்தை ஏற்றிவிடுகிறது. வெப்பமான நம் நாட்டில் இவற்றின் வாழ்க்கைச் சக்கரம் சுமார் ஒரு மாதத்தில் ஒரு சுற்று முடிகிறது. ஆகவே ஒரே ஆண்டில் பல தலைமுறைகள் தோன்றிவிடும். விஷத்தை நுகரும் வண்டுக் கூட்டம் ஒன்றில் ஆயிரத்தில் ஒன்றுக்கு மட்டும் தப்பிப்பிழைக்கும் தன்மை இருந்தாலும், அந்த ஒன்றின் சந்ததி கிடங்கை நிரப்ப நெடுங்காலம் ஆகாது.

இரண்டாம் உலகயுத்தத்துக்குப் பின் வந்த டி.டி.டி.யும் பி.எச்.சி.யும், அவற்றுக்குப் பின் வந்த மாலத்தியானும் தானியக் கிடங்குகளில் பெரும் நம்பிக்கையை ஊட்டின. சுவரிலும் மூட்டைகளின் மேற்பரப்பிலும் தெளித்துவிட்டால் ஊர்ந்து வரும் பூச்சி மடியும் என்பது கணக்கு. கணக்கு வெகுகாலம் நிலைக்கவில்லை. 1960களின் தொடக்கத்திலேயே, நைஜீரியாவின் சிவப்பு மாவு வண்டு மாலத்தியானுக்கு மடங்காமல் நின்றது தெரியவந்தது. இந்தியாவில் அதே வண்டு மாலத்தியானை எதிர்ப்பதை டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் 1971ஆம் ஆண்டு வெளியிட்டனர். இந்த எதிர்ப்பில் ஒரு விசேஷம் உண்டு. மாலத்தியானின் அமைப்பில் உள்ள ஒரு பிணைப்பைக் கார்பாக்சில்எஸ்டரேஸ் என்னும் என்சைம் அறுத்துவிடுகிறது; அறுந்தபின் அது விஷமன்று. டிரைபீனைல் பாஸ்பேட் என்னும் பொருளைச் சேர்த்துக் கொடுத்தால் என்சைம் முடங்கி, வண்டு பழையபடி மடிகிறது. அதனாலேயே எதிர்ப்பின் காரணம் எது என்று சோதனைச்சாலையில் அடையாளம் காண முடிந்தது. இத்தனைக்குப் பின்னும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை மாலத்தியான் தெளிக்கும் வழக்கம் நம் கிடங்குகளில் நெடுங்காலம் நீடித்தது ஏன் என்று கேட்டால், விதிப்புத்தகம் ஒரு முறை எழுதப்பட்டபின் அதைத் திருத்துவதற்கு வண்டுகளைக் காட்டிலும் அதிகமான தலைமுறைகள் தேவைப்படும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

மேற்பரப்பில் தெளிக்கும் மருந்து மணிக்குள் இருக்கும் புழுவை எட்டுவதில்லை. எட்டக்கூடியது வாயு ஒன்றே. அந்த இடத்தைப் பிடித்ததுதான் பாஸ்பீன். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஒன்று 3 கிராம் எடையுள்ளது. காற்றிலுள்ள ஈரத்தோடு கலந்து மெல்ல மெல்லச் சிதைந்து 1 கிராம் பாஸ்பீனைத் தருகிறது. உடன் சேர்க்கப்பட்ட அம்மோனியம் கார்பமேட், வாயு தீப்பற்றாமல் தடுப்பதோடு, அம்மோனியாவின் காரநெடியால் அருகிலிருப்பவரை எச்சரிக்கவும் செய்கிறது. மூட்டை அடுக்கின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, டன்னுக்கு 3 மாத்திரை வீதம் வைத்து, ஓரங்களை அடைத்து, ஐந்து முதல் ஏழு நாள் விட்டுவைத்தால், வாயு அடுக்கின் உட்புறம் எங்கும் ஊடுருவி, மணிக்குள் இருக்கும் முட்டையையும் புழுவையும் சேர்த்துக் கொல்லும். பிறகு காற்றோட்டம் கொடுத்தால் கலைந்துபோகும். தானியத்தில் மிச்சம் ஏறத்தாழ ஒன்றும் தங்காது. விலையும் மலிவு. முன்பு அதற்குப் போட்டியாக இருந்த மெதைல் புரோமைடு, ஓசோன் படலத்தைக் கெடுக்கும் பொருளென்று மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வந்து, முன்னேறிய நாடுகளில் 2005லும் வளரும் நாடுகளில் 2015லும், ஏற்றுமதித் தொற்றுத்தடைக்கான உபயோகம் தவிர, கைவிடப்பட்டது. ஆகவே உலகத்தின் தானியக் கையிருப்பு ஏறத்தாழ முழுவதும் ஒரே ஒரு வாயுவை நம்பி நிற்கும் நிலை உண்டாயிற்று.

(ஒரு வார்த்தையை இங்கே சொல்லாமல் செல்வது தகாது. இந்த மாத்திரை அரசாங்க ஸ்தாபனங்களுக்கும் உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளருக்கும் மட்டுமே உரியது, இல்லங்களில் வைத்துக்கொள்வதற்கன்று. வட இந்தியாவின் ஆஸ்பத்திரிகளில் இதனால் நேர்ந்த மரணங்கள் எத்தனையோ. மூடிய அறையில் இதன் வாயுவைச் சுவாசித்த குழந்தைகளும் மாண்டிருக்கிறார்கள். வீட்டு டப்பாவில் வண்டு விழுந்தால் வெயில் போதும். 50 பாகைக்கு மேற்பட்ட உஷ்ணத்தை இவை நெடுநேரம் தாங்குவதில்லை.)

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1972-73ஆம் ஆண்டுகளில் உலகமெங்கும் தானிய வண்டுகளைச் சேகரித்து ஒரு பெரிய பரிசோதனை நடத்திற்று. சாம்ப், டைட் என்னும் இருவர் 1976ல் வெளியிட்ட அதன் முடிவுகளில், 82 நாடுகளுள் 33 நாடுகளில் பாஸ்பீன் எதிர்ப்பு தென்பட்டதும், பரிசோதித்த கூட்டங்களில் சுமார் பத்தில் ஒன்று எதிர்ப்புடையதாக இருந்ததும் காணப்படுகின்றன. பரிசோதனை முறை எளியது. குறித்த மிகக் குறைந்த செறிவில் 20 மணி நேரம் வண்டுகளை வாயுவில் வைத்து, 14 நாள் கழித்து எவை பிழைத்தன என்று எண்ணுவது. அப்போது கண்டவை பெரும்பாலும் பலவீனமான எதிர்ப்புகளே. கிடங்கில் முழு அளவு வாயு கொடுத்தால் அவை மடிந்துவிடும். ஆனால் 1980களின் தொடக்கத்தில் வங்காளதேசத்து உணவுக் கிடங்குகளில் முறைப்படி வாயு வைத்தபின்னும் வண்டுகள் உயிரோடு நடமாடியது 1983ல் வெளியானபோது, எச்சரிக்கை அனுபவமாக மாறிற்று. இந்தியாவில் புகையிலைக் கிடங்குகளில் சிகரெட் வண்டு அதே வாயுவை எதிர்த்ததை 1994ல் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் விவரித்தனர். தானிய வண்டுகளின் எதிர்ப்பையும் அந்நிலையத்தாரும் கோவைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் தொடர்ந்து ஆராய்ந்துவருகின்றனர்.

இந்த எதிர்ப்பு மாலத்தியான் விஷயத்தில் கண்டதைப் போன்றதன்று. இங்கே வண்டு விஷத்தை உடைத்தெறியவில்லை. எதிர்ப்புள்ள வண்டுகள் வாயுவைக் குறைவாகவே உட்கொள்கின்றன என்பது 1980களிலேயே தெரிந்திருந்தது. அதன் அடியில் இருந்த காரணம் வெளிப்பட 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் டேவிட் ஷ்லிபாலியஸ், பால் எபர்ட் முதலியோர் தானியத் துளைப்பானிலும் சிவப்பு மாவு வண்டிலும் நடத்திய ஆராய்ச்சி, இரண்டு மரபணுக்கள் இதில் சம்பந்தப்பட்டிருப்பதைக் காட்டிற்று. ஒன்று தனியாக இருந்தால் பலவீனமான எதிர்ப்பைத் தருவது. மற்றொன்று, முதலாவதோடு சேர்ந்தால் நூற்றுக்கணக்கான மடங்கு எதிர்ப்பைத் தருவது. இந்த இரண்டாவது மரபணு எந்தப் புரதத்துக்கு உரியது என்று தேடியபோது கிடைத்தது, டைஹைட்ரோலிபோயமைடு டீஹைட்ரோஜினேஸ் என்னும் என்சைம். உயிரணுவின் மைட்டோகாண்டிரியாவுக்குள், உண்ட உணவைச் சக்தியாக மாற்றும் சுழற்சியின் நடுநாயகமாக விளங்கும் இந்த என்சைம் வண்டுக்கும் உண்டு, புழுவுக்கும் உண்டு, மனிதனுக்கும் உண்டு. இதில் தவறு நேர்ந்தால் ஜீவனுக்கே ஆபத்து. அத்தகைய இன்றியமையாத இடத்தில் ஏற்பட்ட ஒரு சிறு மாற்றம் வண்டைக் காப்பாற்றுகிறது என்பதே இக்கண்டுபிடிப்பின் வியப்பு. அம்மாற்றத்தை அடைந்த உயிர்கள் ஆர்செனிக்குக்கு முன்னிலும் எளிதில் பலியாகின்றன என்பதும் அதே ஆராய்ச்சியில் தெரிந்தது. சோற்றுக்கான தானியத்தில் ஆர்செனிக்கை இடுவார் யாருமில்லையாகையால், அந்தப் பலவீனம் நமக்கு நேரடியாகப் பயன்படப்போவதில்லை.

2015ஆம் ஆண்டு, கோவைப் பல்கலைக்கழகத்தாரும் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளரும் சேர்ந்து இந்திய வண்டுகளின் இதே மரபணுவைப் பரிசோதித்து வெளியிட்ட முடிவு இன்னும் சிந்தனைக்குரியது. தானியத் துளைப்பான், மாவு வண்டு ஆகிய இரண்டு வெவ்வேறு இனங்களிலும், இந்திய எதிர்ப்புக்குப் பிரதானமாக நின்றது ஒரே வகை மாற்றம்: என்சைமில் புரோலின் இருக்கவேண்டிய ஓரிடத்தில் செரின் இருந்தது. உட்கருவுள்ள மற்ற எந்த உயிரிலும் அந்த மாற்றம் காணப்பட்டதில்லை. வெகுதூரம் பிரிந்துபோன இரண்டு இனங்கள், ஒரே நெருக்கடியின் கீழ், ஒரே எழுத்தைத் திருத்திக்கொண்டன. அந்த நெருக்கடியை உண்டாக்கியவர் நாம்.

பலத்த எதிர்ப்பு இம்மரபணுக்களில் அடங்கிவருவது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இரு பிரதிகள் சேர்ந்தால்தான் முழுமையாக வெளிப்படும். ஒரு பிரதி மட்டும் பெற்ற வண்டு, முழு அளவு வாயு முழு நாட்கள் நிலைத்திருந்தால், சாதாரண வண்டைப்போலவே பெரும்பாலும் மடிந்துவிடும். வாயு கசிந்து செறிவு குறைந்தாலோ, நாட்களுக்கு முன்பே விரிப்பை எடுத்துவிட்டாலோ, ஒரு பிரதி பெற்றது பிழைக்கும். அத்தகைய இரண்டு பிழைத்து இணைந்தால், அவற்றின் சந்ததியில் நாலில் ஒரு பங்குக்கு இரு பிரதியும் வாய்க்கும். ஆகவே கசியும் விரிப்பு ஒவ்வொன்றும் எதிர்ப்பு வண்டுகளுக்கான ஒரு நாற்றங்காலாகிவிடுகிறது. மூட்டை அடுக்குகளின் ஓரத்தை மணல் நிரப்பிய நீண்ட துணிப்பைகளாலோ, குழைத்த மண்ணாலோ அடைக்கும்படி விதி இருந்தாலும், விரிப்பில் எலி கடித்த ஓட்டையும், தரையின் வெடிப்பும், அடுத்த லாரிக்கு மூட்டை இறக்கவேண்டும் என்ற அவசரமும் எந்த விதிப்புத்தகத்துக்கும் கட்டுப்படுவதில்லை. பாஸ்பீனைப் பொறுத்தவரை நாட்களே பிரதானம்: முட்டையும் கூட்டுப்புழுவும் வாயுவை மிகவும் தாங்கக்கூடியவையாதலால், அவை தாங்காத அடுத்த பருவத்துக்கு வளரும்வரை வாயு காத்திருக்கவேண்டும், காத்திராமல் மாத்திரைகளை இரட்டிப்பாக்கினால், அளவுக்கு மிஞ்சிய செறிவில் வண்டு மயங்கிச் சுவாசத்தைக் குறைத்துக்கொண்டு தப்புவதும் உண்டு. நம்முடைய அபிப்பிராயத்தில், இந்திய வண்டின் எதிர்ப்பு ரசாயனத்தின் தோல்வி என்பதைவிடக் கட்டடத்தின் தோல்வி என்பதே பொருந்தும்.

இப்படிச் சொல்வதற்குத் தக்காணத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. சோலாப்பூர் முதலிய மராட்டியச் சோளப் பிரதேசங்களில் முற்காலத்தில் பேவ் என்னும் நிலத்தடிக் குழிகளில் சோளத்தைச் சேமித்துவைத்தார்கள். உலர்ந்த கெட்டிமண்ணில் குறுகிய வாயும் அகன்ற வயிறுமாகக் குடைந்து, சுற்றிலும் வைக்கோல் பரப்பி, தானியத்தை நிரப்பி, வாயை மண்ணால் இறுக மூடிவிடுவது. கணகி என்னும், சாணமும் மண்ணும் மெழுகிய மூங்கில் கூட்டில் காற்று நுழையும். நம் குதிரிலும் அப்படியே. பேவில் நுழையாது. உள்ளே அகப்பட்ட வண்டும் தானியமும் சுவாசித்துச் சுவாசித்துப் பிராணவாயுவைச் செலவழித்து, கரியமிலவாயுவை நிரப்பி, வண்டு தன் மூச்சாலேயே மாண்டுபோகும். திறந்த கையோடு மனிதர் இறங்கினால் அவருக்கும் அதே கதி நேரும் என்பதால், காற்றாட விட்டே இறங்குவார்கள். நனைந்த ஆண்டில் அடித்தட்டுத் தானியம் பூசணம் பிடிப்பதும், கசிவு புகுந்த குழி அழுகிப்போவதும் உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் பேவின் தத்துவம் முழுவதும் அடைப்பே. இன்று வாயு புகாத பன்னடுக்குப் பிளாஸ்டிக் பைகள் அதே தத்துவத்தில் விற்கப்படுகின்றன. பிராணவாயு இல்லாத இடத்தில் பாஸ்பீன் பூச்சியைக் கொல்வதில்லை என்பதால், இரண்டையும் ஒரே நேரத்தில் கையாண்டு இரட்டைப் பயன் பெறலாம் என்று எண்ணுவதும் கூடாது. இந்த முறையும் நிரந்தரமாக எதிர்ப்புக்கு அப்பாற்பட்டதென்று நம்பிவிடலாகாது. சோதனைச்சாலையில் பிராணவாயுக் குறைவிலும் கரியமிலவாயு மிகுதியிலும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட மாவு வண்டுகள், அவற்றையும் முன்னினும் நெடுநேரம் தாங்கும் ஆற்றலை அடைந்திருக்கின்றன.

வேறு வாயு ஏதேனும் உண்டா என்றால், சல்ஃபூரைல் ஃப்ளூரைடு உண்டு. பாஸ்பீனுக்குச் சற்றும் அசையாத துருநிறத் தட்டை வண்டு ஆஸ்திரேலியக் கிடங்குகளில் பெருகியபோது அங்கே அதைத்தான் மாற்றாகக் கையாண்டார்கள். முட்டைகளை அது எளிதில் கொல்வதில்லை என்பது அதன் குறை. நம் நாட்டில் கிடங்குகளில் தெளிக்க உபயோகித்துவந்த டைகுளோர்வாஸ் 2020ஆம் ஆண்டு முடிவோடு தடைசெய்யப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெளிக்கும் டெல்டாமெத்ரின் மேற்பரப்பை மட்டுமே காப்பது. ஆக, கைவசம் உள்ள ஆயுதங்கள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வருகின்றன.

இதனோடு இன்னொன்றையும் சேர்த்து நோக்கவேண்டும். தானியம் ஓரிடத்தில் நிற்பதில்லை. பஞ்சாபின் மோகாவிலும் ஹரியானாவின் கைத்தலிலும் உருக்குக் கலன்களில் மொத்தமாகச் சேமிக்கப்படும் கோதுமை, தனி ரயில்களில் நவி மும்பைக்கும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் வந்து சேர்கிறது. மூட்டைக் கோதுமையோ இன்னும் பற்பல வழிகளில் தக்காணத்து ரேஷன் கடைகள்வரை பரவுகிறது. தானியத் துளைப்பானுக்குப் பறக்கவும் தெரியும். வடக்கே ஒரு கசிவில் தேறிய சந்ததி தெற்கே ஒரு கிடங்கில் இணைவதற்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை யாரும் வகுத்துக் கொடுக்க முடியாது. ஆகவே ஒரு மாவட்டம் மட்டும் ஒழுங்காக இருந்து பயனில்லை; பிழைத்த வண்டுகளைச் சேகரித்து, எந்த ஊரில் எந்த மாற்றம் எந்த விகிதத்தில் இருக்கிறது என்று மரபணுச் சோதனையால் அறிந்து, அதற்கேற்ப எங்கே நாட்களை நீட்டுவது, எங்கே வாயுவை மாற்றுவது என்று தீர்மானிக்கும் நாடளாவிய கண்காணிப்பு வேண்டும். பழைய முறையில் ஒரு சோதனைக்கு இரண்டு வாரம் காத்திருக்கவேண்டும். மரபணுவைப் பார்ப்பதற்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை. செத்த வண்டும் அதற்குப் போதும்.

உருக்குக் கலன் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், மூட்டை அடுக்குக்கு இல்லாத ஒரு வசதி அதற்கு உண்டு: அது கசிகிறதா இல்லையா என்று அளந்து பார்க்கலாம். ஆஸ்திரேலியத் தர விதிப்படி, கலனுக்குள் காற்றை ஏற்றி அழுத்தத்தை 250 பாஸ்கலுக்கு உயர்த்தி விட்டால், அது 125 பாஸ்கலுக்கு இறங்குவதற்குக் குறைந்தது 5 நிமிடமாவது ஆகவேண்டும். அதற்குள் இறங்கிவிட்டால் அந்தக் கலனை அடைக்காமல் வாயு வைப்பதில்லை. நம்முடைய மூட்டை அடுக்குகளில் இத்தகைய அழுத்தச் சோதனை செய்ய இயலாது. ஆயினும் விரிப்புக்குள் ஒரு மெல்லிய குழாயை நுழைத்து, வாயு வைத்த கடைசி நாளில் செறிவு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கருவியால் அளந்து, அந்த எண்ணைக் கிடங்கின் பதிவேட்டில் எழுதுவதற்குத் தடை ஒன்றும் இல்லை. மாத்திரைகளை எண்ணி எழுதும் பத்தி அந்தப் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி கோடிட்டால் போதும்.